கம்பியில் வைத்த குமிழ்

எங்க அண்ணி ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போடுறவங்க. அடுத்தவங்க எலும்பை நேராக்கியே பாதி ஆயுசு போச்சு. வீட்ல ஸ்டூல் மேல ஏறணும்னாகூட, "பிடிச்சுக்கோ"ன்னு என்னைக் கூப்பிடுற ஆளு. அப்படித்தான் நான் நம்பிக்கிட்டு இருந்தேன்.

போன வாரம் பரண்ல பழைய குக்கரைத் தேடினா, ஒரு ஹெல்மெட், மெழுகுவர்த்தித் துண்டுங்க, கூடவே சக்கரம் வெச்ச பூட்ஸ். இதெல்லாம் யாரோடதுன்னு கத்திட்டேன்.

"சத்தம் போடாதே, என்னோடதுதான்"ன்னாங்க அண்ணி. "படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பியில சறுக்குறதுக்கு. சக்கரத்துக்கு நடுவுல இடைவெளி இருக்கு பாரு, கம்பி அதுல உட்காரும். மெழுகு தேய்ச்சா வழுக்கிக்கிட்டுப் போகும்."

"இந்த வயசுலயா?"

"கணுக்கால் உடைஞ்சு வந்த ஒரு பொண்ணு, கட்டுப் பிரிச்ச மறுநாளே திரும்பச் சறுக்கப் போனா. அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்கப் போனேன்."

"எங்க சறுக்குறீங்க?"

"உங்க அண்ணன் வேலை பார்க்குற கட்டடத்துல. அவர் கிளம்பினப்புறம். அங்கதான் கம்பி வழவழன்னு இருக்கு, அவர் கைவேலையாச்சே." கொஞ்சம் வெட்கப்பட்டாங்க. "அவர்கிட்ட மூச்சு விடாதே."

எங்கிருந்து விடுறது? அண்ணன் வெல்டர். கம்பியில மெழுகு பூசுற தறுதலை யாருன்னு தினமும் கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தார்.

நேத்து சாயங்காலம் சிரிச்ச முகமா வந்தார். "கம்பி மேல இரும்புக் குமிழ் வெச்சு வெல்ட் பண்ணிட்டேன். அதே கலர் பெயிண்ட், இருட்டற நேரத்துல கண்ணுக்கே தெரியாது. இனி வரட்டும் அந்தத் தறுதலை."

உடனே அண்ணிக்கு போன் அடிச்சேன், எடுக்கல. "அண்ணா, அந்தத் தறுதலை நம்ம அண்ணிதான்"னு போட்டு உடைச்சேன். பைத்தியத்தைப் பார்க்குற மாதிரி என்னைப் பார்த்தார். பரணைக் காட்டினேன். மெழுகுத் துண்டு மட்டும்தான் கிடந்துச்சு. செருப்புகூடப் போடாம ஓடினார்.

நாங்க போறப்ப அண்ணி கடைசிப் படியில உட்கார்ந்திருந்தாங்க. ஹெல்மெட்ல விரிசல். வலது மணிக்கட்டு திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்துச்சு. அவங்க இன்னொரு கையால அதைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, "ரெண்டு எலும்பும் போச்சு. கொஞ்ச நாளைக்குச் சமையல் உங்களோடது"ன்னாங்க.

அண்ணன் கம்பி மேல இருந்த குமிழைப் பார்த்தார்.

"நீங்களா வெச்சீங்க?"

தலையை மட்டும் ஆட்டினார்.

"அதானே பார்த்தேன். துளி ஆட்டம் இல்ல."

அண்ணன் வெறுங்கையால அந்தக் குமிழைப் பிடிச்சுத் திருக ஆரம்பிச்சார். நான் போய் வண்டி பிடிச்சுக்கிட்டு வந்தப்பவும் திருகிக்கிட்டுத்தான் இருந்தார். அது அசையல.