கடைசியில் நின்றவளுக்கு ஒரு படம்

எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் புனிதரான அர்ச்சிஷ்டவர், தொழுநோயாளியைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டவர். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் இருந்த அந்தக் கோயிலில், அவர் சுரூபச் சிலையின் காலடியில் அந்த நோயாளியும் மண்டியிட்டிருப்பான். திருவிழா அன்று பூசை முடிந்ததும் சுரூபத்தைக் கீழே இறக்கி வைப்பார்கள். வரிசையில் போய் அவர் பாதத்தை முத்தி செய்வோம். ஒவ்வொருவர் வாய் வைத்ததும், கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் துணியால் துடைப்பார்.

எழுபதுகளின் நடுவில் என் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினாள். அவளுக்கு வந்திருந்ததும் அதே நோய்தான். நோய் போய்விட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மடங்கிப்போன விரல்கள் மட்டும் நிமிரவில்லை. படுக்கையில் கிடந்த காலமெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான். திருவிழாவுக்கு வந்து அந்தப் பாதத்தை முத்தி செய்ய வேண்டும்.

அன்று பிரசங்கத்தில் சாமியார் அந்த முத்தத்தின் கதையைத்தான் சொன்னார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வரிசையில் அம்மாவைப் பார்த்ததும் விலகியது அதே பெண்கள்தான்.

உபதேசியார் வந்தார். "நீ கடைசில நில்லும்மா. உனுக்கப்பறம் யாரும் வாய் வெக்க மாட்டாங்க."

"சரிங்க" என்றாள் அம்மா. நான் வாயைத் திறந்தேன். பேசாதே என்பதுபோல் என் கையை அழுத்தினாள்.

கடைசியில் போய் நின்றோம். எங்களுக்குப் பின்னால் மாமல்லபுரத்துக் குப்பத்து மீன்காரம்மா ஒருத்தி வந்து நின்றாள். இந்து. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நேர்ந்துகொண்டு வந்தவள்.

அம்மாவின் முறை வந்தபோது உபதேசியார் சுரூபத்தைத் தூக்கிப் பீடத்தில் வைத்துவிட்டார். அச்சடித்த சின்னப் படம் ஒன்றை நீட்டினார். "இத முத்தி செஞ்சிட்டு வூட்டுக்கே எடுத்துகினு போ."

மீன்காரம்மா விடவில்லை. "இன்னாய்யா, இம்மா நேரம் நின்னுகினு கீறோம், சாமிய தூக்கிட்ட? அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சா?"

"உனுக்கு வேணும்னா எறக்குறேன். அந்தம்மாவுக்கு குஷ்டம், தெரியுதா?"

"எனுக்கும் கண்ணு கீதுய்யா."

அம்மா படத்தை முத்தி செய்தாள். மீன்காரம்மா கை நீட்டினாள். "இப்டி குடு யக்கா." வாங்கி, அம்மா வாய் வைத்த இடத்திலேயே இரண்டு கண்களையும் ஒற்றிக்கொண்டாள்.

அர்ச்சிஷ்டவரின் சரித்திரம் அவளுக்குத் தெரியாது. எங்களுக்கு அது மனப்பாடம். இன்றைக்கும் யாராவது அதை உருகி உருகி வாசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வாசித்தது போதும், பக்கத்தில் நிற்பது யார் என்று பாருங்கள். எனக்கு இன்னும் விசுவாசம் மிச்சம் இருக்கிறதென்றால், அது அந்த மீன்காரம்மாவால்தான்.

அம்மா அதன் பிறகு கோயிலுக்குப் போகவில்லை. வீட்டிலேயே ஜெபமாலை சொன்னாள். அடுத்த திருவிழாவுக்கு முன்பே செத்துப்போனாள். அடக்கப் பூசை முடிந்து பெட்டியைத் தூக்கியபோது, சுரூபத்தின் முன்னால் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று கேட்டேன்.

நேரமாகிறது என்றார்கள். நிறுத்தவில்லை.