கன்னியப்பன் கட்டிய ஜாதகப் பெட்டி

அமாவாசைக்கு மறுநாள் விடிந்தால் கன்னியப்பனுக்கு ஒரே வேலை. ஜோசியர் பாண்டுரங்கன் வீட்டு முன்னறைக்குப் போய், தான் கட்டிக்கொடுத்த கம்ப்யூட்டரின் மேல் அப்பிக் கிடக்கும் குங்குமத்தையும் கற்பூரக் கரியையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் செஞ்சியில் பஸ் மாறும்போது இந்தப் பெட்டியையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுத்தான் போகும். போகிறவர்கள் சும்மா போவார்களா? டி.வி. திரைக்குப் பொட்டு, எண் பொத்தான்களுக்குச் சந்தனம். ஒரு புண்ணியவதி காற்றுப் போகிற துளை வழியாக விபூதியையே உள்ளே தூவிவிட்டுப் போயிருந்தாள்.

துடைக்கத் துடைக்க அவன் முகம் சுளிக்கும். "அறிவு கெட்ட ஜென்மங்க" என்று வாய்விட்டே திட்டுவான். பாண்டுரங்கன் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "திட்டாத கன்னியப்பா. அதுங்க குடுக்கற காசுலதான் நீயும் டீ குடிக்கிற" என்பார். அது உண்மை என்பதால் இன்னும் அழுத்தித் துடைப்பான்.

கன்னியப்பன் கறுப்புச் சட்டைக்காரன். திருவண்ணாமலை ரோட்டில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்தபோது வேண்டுமென்றே அஷ்டமி பார்த்து, ராகு காலம் பார்த்துத் திறந்தவன். அப்படிப்பட்டவன் ஜோசியருக்குக் கம்ப்யூட்டர் கட்டிக்கொடுத்தான் என்றால், அதற்குக் காரணம் பசி. சோற்றுப் பசி இல்லை. எண்பத்தாறாம் வருஷம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் கம்ப்யூட்டர் போர்டின் வரைபடத்தைப் பார்த்த நாளிலிருந்து அவன் அவனாக இல்லை. கடையில் விற்கிற கம்ப்யூட்டரை வாங்க அவன் கடை, வீடு, சைக்கிள் எல்லாவற்றையும் விற்றாலும் போதாது. தானே கட்டலாம் என்றால் சாமான் வாங்கக் கையில் காசு இல்லை. அரிசி மில்லில் கேட்டான், பள்ளிக்கூடத்தில் கேட்டான், வேர்க்கடலை வாங்கி விற்கிற மல்லாட்டை மண்டியில் கேட்டான். எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "அத்த வச்சிக்கினு இன்னா பண்றது?"

பாண்டுரங்கன் ஒருத்தர்தான் வேறு கேள்வி கேட்டார். "பொருத்தம் பாக்குமா?"

பாண்டிச்சேரியில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டியவன் மாடி வீடு கட்டிவிட்டதை அவர் பார்த்து வந்திருந்தார். மூவாயிரத்துக்கு மேல் ஒரு பைசா தர மாட்டேன் என்றார். பெட்டி பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் அடங்க வேண்டும் என்றும் சொன்னார். கன்னியப்பன் தலையாட்டினான். புளுகை விஞ்ஞானத்தால் செய்தால் என்ன, விஞ்ஞானம் விஞ்ஞானம்தானே என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

நாலு மாசம் பிடித்தது. காயலான் கடை ஜான் பாஷாவிடம் எடைக்கு வாங்கிய ஸ்டெபிலைசர் பெட்டிதான் கூடு. அதன் வயிற்றைக் காலி செய்து, போர்டை நிமிர்த்தி நிற்க வைத்து, டிரான்ஸ்பார்மரைத் தன் கையாலேயே சுற்றி உள்ளே சொருகினான். செத்துப்போன கால்குலேட்டர்களின் பொத்தான்களைப் பிடுங்கிச் சேர்த்தான். திரைக்கு ஒரு பழைய போர்ட்டபிள் டி.வி., புரோகிராமைப் பதிந்து வைக்க ஒரு டேப் ரிக்கார்டர். மெமரி சிப்பு மட்டும் எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகவில்லை. மெட்ராசில் நடைபாதையில் கழித்துப்போட்ட சரக்கு விற்கிறவனிடம் பேரம் பேசி எட்டு சிப்பு வாங்கி வந்தான். பஞ்சாங்கத்திலிருந்த நட்சத்திரப் பொருத்த அட்டவணை முழுவதையும் எண்களாக மாற்றி, ஒவ்வொரு எண்ணாகத் தட்டி ஏற்றினான். முதல்முதலாகத் திரையில் எண் மின்னிய அன்று, பக்கத்துச் சலூன்காரர் ஓடி வருகிற அளவுக்குக் கத்தினான். ஒரு முழம் அகலப் பெட்டி, சொன்னபடி கணக்குப் போட்டது! முப்பத்தைந்து வருஷ வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

ஒரு வாரத்துக்குள் ஓட்டை தெரிந்துவிட்டது. பத்துப் பொருத்தத்தில் எத்தனை என்று கூட்டி வைக்கிற இடம், அந்தக் கழித்துப்போட்ட சிப்புகளில் ஒன்றின் செத்துப்போன மூலையில் விழுந்திருந்தது. நாலிலிருந்து ஏழு வரைக்கும் எந்த எண்ணை வைத்தாலும் அது நாலைத் தின்றுவிட்டு மிச்சத்தைத் துப்பியது. ஏழு மூன்றானது, ஆறு இரண்டானது. எட்டும் அதற்கு மேலும் பிழைத்துக்கொண்டன. கூட்டுத்தொகையை வேறு இடத்தில் வைக்கும்படி புரோகிராமை மாற்றி, டேப்பில் மறுபடி பதிய ஒரு பகல் வேலை. கன்னியப்பன் செய்யவில்லை. ஜாதகமே புளுகு, புளுகில் நாலு குறைந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தான். நினைத்துச் சிரிக்கவும் செய்தான்.

பெட்டிக்குப் பேர் வந்ததே அந்த ஓட்டையால்தான். மற்ற ஜோசியர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டி ஆறு, ஏழு என்று வழவழவென்று சொல்ல, இது வெடுக்கென்று இரண்டு என்றது, மூன்று என்றது. கறாரான கம்ப்யூட்டர் என்றார்கள். இரண்டு வாங்கினவர்கள் அழுதுகொண்டே பாண்டுரங்கனிடம் பரிகாரத்துக்குப் பணம் கட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டெபிலைசர் பெட்டியின் முன்னால் கைகட்டி நின்றார்கள். கன்னியப்பன் அவர்களைப் பார்த்து முகம் சுளித்தான். இப்படியே ஆறு மாசம் ஓடியது.

அவன் தங்கை சின்னப்பொண்ணுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தாள். அதுவரை வந்த இரண்டு வரன்களும் பெண்டாட்டி செத்தவர்கள். மூன்றாவதாக வல்லத்திலிருந்து பெரியதம்பி என்பவர் தன் மகனுக்குக் கேட்டு வந்தார். பையன் பால் சொசைட்டியில் வேலை. தன் அக்காவின் ஜாக்கெட்டை வாங்கிப்போக நாலைந்து தடவை வந்தவன், அவளிடம் மரியாதையாகப் பேசியவன். "இவருன்னா எனக்குச் சரிண்ணா" என்று அவள் வாயைத் திறந்து சொன்னாள். இதற்கு முன்னால் எதற்கும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

கன்னியப்பன் பிக்சர் டியூப் வாங்க விழுப்புரம் போயிருந்த நாளில் பெரியதம்பி நேராகப் பாண்டுரங்கன் வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தவனிடம் கல்யாணத் தரகர் சொன்னார்: "மூணுதான் வந்துச்சாம். வாணாம்னு சொல்லிட்டாரு."

கன்னியப்பன் பஞ்சாங்கத்தைப் பிரித்துக் கையால் போட்டுப் பார்த்தான். ஏழு.

விடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வல்லம் போனான். பெரியதம்பி களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். பையன் வேப்பமரத்தடியில் தலையைக் குனிந்து நின்றான்.

"ஏழு பொருத்தம் இருக்குதுங்க" என்றான் கன்னியப்பன். அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டபோது அவனுக்கே தன்மேல் காறித் துப்பலாம் போலிருந்தது. "பொட்டியில சிப்பு கெட்டுப்பூட்ச்சி. அதான் மூணுன்னு காட்டுது."

பெரியதம்பி கோபப்படவில்லை. "சாமியே இல்லன்னு மைக்குல பேசற ஆளு, இப்ப பொருத்தம் இருக்குதுன்னு சைக்கிள்ல வந்து நிக்கற" என்றார்.

"அத்தக் கட்டினவனே நான்தாங்க. எனக்குத் தெரியாதா?"

"நீ பொண்ணுக்கு அண்ணன். அப்படித்தான் சொல்லுவ. பொட்டிக்கு இன்னா, உன் தங்கச்சி மேல பாசமா பகையா?"

மறுநாள் பகல் முழுக்க ஜோசியர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து புரோகிராமை மாற்றினான். சாயங்காலம் பெரியதம்பியைக் கையோடு அழைத்து வந்து, அவர் கண் எதிரிலேயே ஓட்டிக் காட்டினான். திரையில் ஏழு வந்தது.

"முந்தாநாளு மூணு, இன்னிக்கு ஏழு" என்றார் பெரியதம்பி. "நடுவுல கைய வச்சது நீ." திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பாண்டுரங்கன் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "உனுக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சியா? பொட்டி வந்த புதுசுலயே நான் பஞ்சாங்கம் வச்சிப் பாத்தேன்பா. நீ சும்மா இருந்த, நானும் சும்மா இருந்துட்டேன். நாளைக்கே பழையபடி மாத்திக் குடுத்துடு" என்றார். கன்னியப்பனுக்கு அந்த அறையில் ஒரு நிமிஷம்கூட நிற்க முடியவில்லை. கற்பூர வாசனை, வெற்றிலை எச்சில், சந்தனம் காய்ந்த பொத்தான்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் அவன் பற்றவைத்த போர்டு. டேப்பைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வீட்டுக்கு வந்து சின்னப்பொண்ணிடம் ஒன்று விடாமல் சொன்னான். பெரியதம்பியைத் திட்டினான். ஜோசியரைத் திட்டினான். இந்த ஊரையே, பெட்டியைக் கும்பிடுகிற மாட்டுக் கூட்டத்தையே திட்டினான். அவளும் சேர்ந்து திட்டுவாள், இல்லாவிட்டால் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கேட்டுக்கொண்டே ஒரு ஜாக்கெட்டின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சிப்பு எப்பலேர்ந்து கெட்டுக் கெடக்குது?" என்றாள்.

"மொத வாரத்துலேர்ந்து."

"அப்பவே உனுக்குத் தெரியுமா?"

ஆமாம் என்று தலையாட்டினான்.

"சிங்கவரத்துலேர்ந்து ஜாக்கெட்டு தைக்கக் குடுக்க வருமே ராஜாம்பாள், அதும் பொண்ணுக்கு உன் பொட்டியில ரெண்டுன்னு வந்துச்சு. தாம்பூலம் மாத்தினப்பறம் நிறுத்திட்டாங்க. அந்தப் பொண்ணு இப்பல்லாம் வெளிய தலகாட்றதில்ல. அதுக்கு நெஜமா எத்தினி?"

"ஆறா இருந்தாலும் ரெண்டுன்னுதான் காட்டும். நெஜமாவே ரெண்டா இருந்தாலும் ரெண்டுதான். நட்சத்திரம் கேட்டுக் கையால போட்டாத்தான் தெரியும்மா."

சின்னப்பொண்ணு ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அமாவாசைக்கு மறுநாள் குங்குமத்தைத் துடைக்கும்போது அவன் முகம் எப்படிச் சுளிக்குமோ, அப்படிச் சுளித்திருந்தது அவள் முகம்.

"எனுக்காக வல்லத்துக்கு சைக்கிள மிதிச்சிக்கினு ஓடினியே. சிங்கவரம் பக்கத்துலதான இருக்குது, அங்க ஏன்ணா போவல?" என்றாள்.

அவள் விளக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, மறுபடி காஜா எடுக்கத் தொடங்கினாள்.