முகம் வராத கை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுகிறார். ஆனால் ஒரு காலத்தில் படம் போடுவேன்.

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன சமயம். துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற வேலை எனக்கு. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே பலகை போட்டிருப்பார்கள். அதன்மேல் கூடையைச் சுமந்து ஒருவன் பின்னால் ஒருவனாக இறங்குவோம். தலையில் கூடை இருந்தால் கழுத்தைத் திருப்ப முடியாது. கண்ணுக்கு எதிரில் இருப்பது முன்னால் போகிறவனின் முதுகு, அவ்வளவுதான். தூசுக்குப் பயந்து மூக்கையும் வாயையும் துண்டால் கட்டியிருப்போம். மூட்டை தூக்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அரிசி மூட்டைக்காரன் வேலை முடிந்தால் வெள்ளையாகப் போவான், நாங்கள் கறுப்பாகப் போவோம்.

சாப்பாட்டு நேரத்தில் கிடங்கின் சுண்ணாம்புச் சுவரில் வரைவேன். இத்தனை கரி கிடக்கிறதே, அதில் வரையலாமே என்று கேட்பார்கள். கப்பல் கரி வரையாது. கல் மாதிரி சுவரைக் கீறும். ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் துணி தேய்க்கிறவரிடம், பெட்டியில் எரியாமல் மிஞ்சிய கரித்துண்டைக் கேட்டு வாங்கி மடியில் முடிந்துகொண்டு போவேன். அது பட்டாகப் பதியும்.

நான் போட்டதெல்லாம் முதுகுதான். தினமும் பார்த்தது அதுதானே. யாருக்கு எந்தப் பக்கம் இடுப்பு ஒடியும், யார் துண்டை எப்படி முடிச்சுப் போடுவான், எல்லாம் கைக்குத் தெரியும். சோற்றைப் பிசைந்துகொண்டே சுற்றி நின்று கண்டுபிடிப்பார்கள்.

“டேய், இது நம்ம மேஸ்திரிடா! இடுப்புல கைய வெச்சிகினு நிக்கறத பாரு!”

“மாமே, என்னயும் ஒண்ணு போடு. அந்த கிய்ஞ்ச பனியன மட்டும் வுட்டுடு.”

எனக்கு முன்னால் எப்போதும் இறங்குகிறவன் ஒருத்தன் இருந்தான். எங்கள் தெருக்காரன். இடது தோள் தாழ்ந்திருக்கும். பிடரியில் கட்டி உடைந்த தழும்பு. பலகையில் ஏறுமுன் கால் கட்டை விரலால் ஒரு தரம் அழுத்திப் பார்ப்பான். மழைக்காலத்தில் ஒருநாள் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏறினான். பலகை வழுக்கிக் கூடையோடு கடலில் விழுந்துவிட்டான். நான் பின்னால் நின்றிருந்தேன். அப்போதும் அவன் முதுகைத்தான் பார்த்தேன். காசிமேட்டுப் பக்கம் உடம்பு ஒதுங்கியபோது முகத்தைத் திறந்து காட்டவில்லை.

காரியம் முடிந்த பிறகு அவன் சம்சாரம் கைக்குழந்தையோடு என்னிடம் வந்தது.

“அண்ணாத்தே, நீ நல்லா படம் போடுவேன்னு அவரு சொல்லிகினே இருப்பாரு. அவரு மூஞ்சிய ஒரு காய்தத்துல போட்டுக் குடு. கொயந்த வளந்து கேட்டா நா இன்னாத்த காட்டுவேன்?”

அவனுக்குப் போட்டோ கிடையாது. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் ஜனங்களிடம் அப்போது ஒரு பயம். கல்யாணத்தின்போது யாரோ போட்டோ பேச்சை எடுக்க, அவன் அம்மாதான் வேண்டவே வேண்டாம் என்று தடுத்தது.

போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தை விரித்து உட்கார்ந்தால் ஒன்றுமே வரவில்லை. தெருவில் தூசு இல்லாமலும் பார்த்த முகம்தான், ஆனால் மனசில் நின்றது வேலை நேரத்து முகம். கறுப்புத் தூசு, துண்டு, இரண்டு கண். அது எங்களில் எவனாகவும் இருக்கலாம். அந்தப் பெண்ணிடமே போய்க் கேட்டேன்.

“மூக்கு எப்பிடிம்மா இருக்கும்?”

“மூக்கு மூக்காட்டம்தான் இருக்கும்” என்று சிரித்தது. உடனே அழுதது. “கண்ண மூடுனா வந்து நிக்கறாரு. சொல்லலாம்னு பாத்தா காணாப் பூடறாரு.”

திருவொற்றியூரில் கடைப் பெயர்ப்பலகை எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். அவரிடம் போனேன். முகம் போட வேண்டுமானால் முதலில் கண்ணாடியைப் பார்த்து உன் முகத்தைப் போட்டுப் பழகு என்றார். சவரக்கடையில் ஒரு உடைந்த கண்ணாடித் துண்டு கிடைத்தது. வேலைக்குப் போகாத நாளெல்லாம் அதுதான். கண்ணுக்குக் கீழே நிழல் எங்கே விழுகிறது, மூக்கு எங்கே முடிகிறது என்று பார்த்துப் பார்த்துக் கை ஒருவழியாகப் படிந்தது. முகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவன் படத்தைப் போட்டு எடுத்துப்போனேன்.

அந்தப் பெண் தாளைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. மாமியார்க்காரி பிடுங்கிப் பார்த்தாள்.

“இன்னாடா இது? எம்புள்ள படம் கேட்டா உன் மூஞ்சிய வரஞ்சி கொணாந்துகீறியே! இத்த வூட்ல மாட்டிவெச்சா ஊரு இன்னா சொல்லும்?”

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நெற்றி, தாடை, காது, எல்லாம் நான். ஒரே முகத்தைப் பார்த்துப் பழகிய கைக்கு வேறு முகம் வரவில்லை. கிழவி தாளை அடுப்பில் போட்டுவிட்டாள். அது சரிதான்.

பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. தெரிந்ததையாவது செய்வோம் என்று இன்னொரு தாள் எடுத்தேன். தோள், தழும்பு, துண்டு முடிச்சு, பலகைமேல் அந்தக் கட்டை விரல். கை நிற்கவே இல்லை. கொண்டுபோய் நீட்டினேன். அந்தப் பெண் கையில் வாங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

“இவருதான். அய்யோ, இவருதான்.”

கிழவிகூட வாயைப் பொத்திக்கொண்டாள். சுவரில் சோற்றுப்பசை வைத்து ஒட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

சில நாள் கழித்து அந்தப் பெண் தாளைச் சுருட்டிக் கொண்டுவந்தது.

“கோச்சுக்காத அண்ணாத்தே. எப்ப பாத்தாலும் வூட்ட வுட்டுப் போயிகினே கீறாரு. அன்னிக்கி காத்தாலயும் இப்டிதான் போனாரு. தெனம் தெனம் என்னால பாக்க முடியல.”

வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு பிரித்தபோது கரியெல்லாம் கலைந்து தாள் முழுக்கப் புகையாக இருந்தது. கரி உதிராமல் நிறுத்த ஏதோ வழி இருக்கிறதாம், எனக்கு யாரும் சொன்னதில்லை. பொங்கலுக்குக் கிடங்குச் சுவரில் சுண்ணாம்பு அடித்தார்கள். அதன்மேல் நான் கை வைக்கவில்லை.

அந்தக் குழந்தை வளர்ந்து தெருவில் ஓடும்போது, அப்பன் மூஞ்சியை அப்படியே உரித்து வைத்திருக்கிறான் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒருநாள் நிறுத்தி, தாடையைப் பிடித்துத் தூக்கி வெகுநேரம் பார்த்தேன். அவன் அப்பன் எனக்குத் தெரியவில்லை.