ஐம்பத்தெட்டாவது வளைவில் அக்கா

மேடு ஏறும்போது அக்கா சீட்டைவிட்டு எழுந்ததே இல்லை. நாங்கள் எல்லாரும் எழுந்து நின்று, சைக்கிளை இடமும் வலமுமாக ஆட்டி மிதிப்போம். அவர் மட்டும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்போல முகத்தில் சலனமே இல்லாமல் ஏறுவார்.

கூடப் பிறந்தவர் அல்ல. ஒரே சைக்கிள் பந்தய டீமில் ஓட்டியதால் அக்கா. கொல்லிமலையில் திருப்புலி நாடு என்னும் ஊர்க்காரர். நான் அடிவாரத்துப் பேளுக்குறிச்சி. டீமில் ஜெயிக்க வேண்டியவள் நான். எனக்கு முன்னால் ஓட்டி எதிர்காற்றைத் தாங்குவதும், தண்ணீர் பாட்டில் வாங்கிவந்து தருவதும், நான் பின்தங்கினால் வேகத்தைக் குறைத்து என்னை முன்னால் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர் வேலை. ஆறு வருடம் அதைச் செய்தார். நான் மாலையோடு மேடையில் நிற்கையில் அவர் கீழே என் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அந்த வருடம் இந்திய அணிக்கான தேர்வுப் போட்டி எங்கள் மலையிலேயே நடந்தது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முதலில் வருபவருக்கு மட்டுமே இடம். அக்காவுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அதற்குமேல் வாய்ப்பு வராது. உச்சியில் அவர் அம்மா காத்திருந்தார். ஆனாலும் நான்தான் ஜெயிக்க வேண்டும் என்று கோச் காலையில் சொன்னபோது அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

ஐம்பத்தெட்டாவது வளைவில் என் கால்கள் விட்டுப்போயின. அக்கா திரும்பிப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். அவருக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. பின்னால் இரண்டு பேர் நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்காக நிக்காதீங்க. நீங்க போங்கக்கா" என்றேன்.

"நெசமாத்தான் சொல்றியா கண்ணு?"

நான் தலையாட்டினேன். அவர் போய்விட்டார்.

நான் ஐந்தாவதாக வந்து சேர்ந்தபோது, அவர் அம்மா மகளின் முகத்தில் படிந்திருந்த உப்பை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். கோச் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கு அதன்பிறகு இந்திய அணி வாய்க்கவில்லை. இப்போது நாமக்கல்லில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அக்கா இந்தியாவுக்காக ஓட்டினார். பிறகு வெளிநாட்டு டீம் ஒன்றில் மூன்று வருடம். "இங்கயும் தண்ணி தூக்கற வேலதான் கண்ணு" என்று போனில் சிரிப்பார். மழையில் விழுந்து தோள் எலும்பு முறிந்த பிறகு, போதும் என்று ஊர் திரும்பிவிட்டார்.

அந்த வெற்றியில் பாதி நான் கொடுத்தது என்று எனக்குள் ரகசியமாக ஒரு பெருமை இருந்தது. போன மாதம் அவர் தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்தபோது அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஏணியில் நின்றிருந்தவர் கையை நிறுத்தினார்.

"நீ சொல்லாட்டியும் போயிருப்பேன் கண்ணு. காலைலயே முடிவு பண்ணிட்டேன்."

திகைத்துப்போனேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோல இருந்தது.

"அப்புறம் ஏனுங்கக்கா அங்க திரும்பிப் பாத்தீங்க?"

"உன்ற சைக்கிள் சத்தம் கேக்கல. உழுந்துட்டியோன்னு பாத்தேன்" என்றார்.