'சூப்பர்' என்று சொல்லாதீங்க டாடி

போன வாரம் எங்கள் வீட்டுக் கொடியில் துணி காயவில்லை. காகிதம் காய்ந்தது!

நீலம், கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு... வரிசையாகக் க்ளிப் மாட்டிய சார்ட் பேப்பர்கள். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் எதிர்வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி பால்கனியிலிருந்தே கேட்டார்: "என்னப்பா, சர்ச் ஃபீஸ்ட்டுக்கு இப்பவே தோரணமா?"

இல்லை. என் மகள் நான்சியின் வேலை.

டிசைன் படிக்கிறாள். மழைக்காலத்தில் ஸ்கூட்டரில் காலேஜுக்குப் போனவளை ஒரு கார் தள்ளிவிட்டது. வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து, உலோக பிளேட் வைத்தார்கள். கட்டுப் பிரித்தாயிற்று, ஆனால் கை நடுங்குகிறது. என் நெஞ்சும்தான் — தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் போதும். காலேஜுக்குத் திரும்பும்போது அந்தக் கையால் வெட்ட, வரைய முடியுமா? வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி இது.

பிசியோதெரபியில் ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார்கள். பந்து அவளுக்குச் சலித்துவிட்டது. போனில் மாடர்ன் ஆர்ட் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் பட்டை பிரஷ்ஷை எடுத்தாள். தாள் முழுக்க ஒரே நிறம். ஈரம் காய்வதற்குள் பழைய சீப்பால் ஓர் இழுப்பு. இன்னொன்றில் ஸ்பாஞ்சால் ஒற்றல். காய்ந்ததும் அந்தத் தாள்களையே கத்தரித்து அட்டையில் ஒட்டுகிறாள். வட்டம், பட்டை, அரை நிலா. மரமில்லை, வீடில்லை, முகமில்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை!

சனிக்கிழமை கத்தரிக்கோலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நேராகப் போகவேண்டிய வெட்டு, நெளிந்து போயிற்று.

"குடும்மா, நான் வெட்றேன்."

"வேணாம் டாடி."

"நெளிஞ்சாலும் சூப்பராத்தான் இருக்கு. மாடர்ன் ஆர்ட்தானே... எப்படி இருந்தா என்ன?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இது ஸ்டைல் இல்ல டாடி, என் கை நடுங்குது. எனக்கு நேரா வேணும். ஆக்சிடென்ட் ஆனதுலேருந்து நான் இட்லியைப் பிட்டாக்கூட சூப்பர்ங்கிறீங்க. அப்புறம் எதை நம்புறது?"

சுருக்கென்றது. என்ன படம் என்றே தெரியாத படத்தில் தப்பு எங்கிருந்து வரும் என்று நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தானே? வரும். செய்கிறவளுக்கு அது தெரிகிறது. பார்க்கிறவன்தான் பாசத்தில் கண்ணை மூடிக்கொள்கிறான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். சொல்லலாமா? அழுதுவிட்டால்?

"அந்த ஆரஞ்சு வட்டம்... அதுதான் உறுத்துது. மத்ததை எதையும் பார்க்க விடமாட்டேங்குது."

"அய்யோ டாடி! காலையிலேருந்து அதைத்தான் முறைச்சிட்டிருக்கேன்!"

பசை காயாத வட்டத்தை உரித்துப் போட்டாள். நீலத் தாளில் ஒரு பட்டையை வெட்டினாள்; நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாக. உதவப் போன என் கைகளை நான் கட்டிக்கொண்டேன்.

"இப்ப?"

"முக்கால்வாசி நேர். கீழ்முனையில வளையுது."

"தேங்க்ஸ்" என்றாள். அடுத்த தாளை எடுத்தாள்.

மகளைக் குறை சொல்லி, அதற்குத் தேங்க்ஸும் வாங்கிய அப்பாக்கள் பெங்களூரில் வேறு யாராவது இருந்தால்... கொஞ்சம் கை தூக்குங்கள்!