ஒன்றரையை ஒன்றரையால்

வேகமாகப் போட்டுவிட்டால் கணக்கு தெரிந்துவிட்டது என்றுதான் கல்லூரிக்குப் போன பிறகும் நம்பியிருந்தேன். எங்கள் தெரு மாரியக்கா எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் படித்தார். தேறினால்தான் மில்லில் அவருக்கு வேலை நிரந்தரம். கலப்புப் பின்னப் பெருக்கலுக்கு நானே ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுத்தேன்: முழு எண்களைத் தனியாக, பின்னங்களைத் தனியாகப் பெருக்கிக் கூட்டிவிடலாம்.

தேர்வன்று ராஜபாளையத்தில் பஸ் ஏறியதும், "ஒன்றரையை ஒன்றரையால பெருக்குங்கக்கா" என்றேன்.

"ஒண்ணே கால்! எம்புட்டு வேகம் பாத்தியா?"

அந்த விடையை ஒன்றரையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

"அக்கா, வெறும் ஒண்ணால பெருக்கினாலே ஒன்றரை வரணும். இது எப்படிக் குறையும்? நான் சொன்ன வழியே தப்பு."

"ஏட்டி, இப்பமா சொல்லுத? ஊரு வரப்போவுதே!"

ஒன்றரை என்றால் மூன்று அரை என்று உள்ளங்கையில் எழுதிக் காட்டினேன். மேலே மூன்று மூன்று ஒன்பது, கீழே இரண்டு இரண்டு நான்கு, ஆக இரண்டே கால். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியும் அவருக்குப் பிடிபடவில்லை. "பழசுதாம்ட்டி வருது" என்று அழுதுகொண்டே தேர்வு மையத்துக்குள் போனார். வாசலிலேயே கிடந்தேன். அவருடைய வேலையை நானே பிடுங்கிவிட்டதாகத் தோன்றியது.

வெளியே வந்தவர் என் கையைப் பிடித்தார். "ரெண்டரையும் ஒண்ணரையும் வந்துச்சு. பழைய வழியில ரெண்டே கால். ரெண்டரையவிடக் கொறச்சலா இருக்கேன்னு அடிச்சிட்டேன். பொறவு அரை அரையாப் பிரிச்சேன், மூணே முக்கால். சரியாட்டி?"

உடனே சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, ஒருமுறை மெதுவாக எழுதிப் பார்த்த பிறகே "சரிக்கா" என்றேன்.