சூரியனுக்கு நான் வைத்த கதிர்

செங்கம் ரோட்டில் என் தையல் கடை. மலையடி ஆசிரமங்களுக்கு வந்து தங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்குத் தொளதொள பேன்ட் தைப்பதுதான் பிழைப்பு. எவ்வளவு கோணலாகத் தைத்தாலும் இதுதான் இந்தியா போலிருக்கிறது என்று சந்தோஷமாக மாட்டிக்கொண்டு போவார்கள். அந்தத் தைரியம்தான் எனக்கு மூலதனம். பக்கத்துக் காபிக்கடைக்காரர் வந்து, "ண்ணா, கடைக்கு வர்றவங்க நாட்டுக் கொடியெல்லாம் ஒரே கயித்துல தொங்கவிடப் போறேன், தைச்சுக் குடுங்க" என்றதும் யோசிக்கவே இல்லை.

கொடி விஷயத்தில் நான் லேசுப்பட்ட ஆளா? தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சிக்கும் அடித்துக் கொடுத்த கை. பிரான்ஸ் கொடியை மட்டும் படுக்கவைத்துத் தைத்துவிட்டேன், அது நெதர்லாந்து ஆகிவிட்டது. பாரிஸ்காரர் ஒருவர் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே காபி குடித்துவிட்டுப் போனார்.

அப்புறம் ஒரு அம்மா வந்தார். ஆஸ்திரேலியாவின் ஆதிகுடியைச் சேர்ந்தவர். டிஷ்யூ பேப்பரில் வரைந்து காட்டினார்: மேலே கறுப்பு, கீழே சிவப்பு, நடுவில் மஞ்சள் வட்டம்.

"ஆஸ்திரேலியா கொடிதான் ஏற்கெனவே தைச்சிட்டேனே மேடம்?"

"அதுல மூலையில இங்கிலீஷ்காரன் கொடி உக்காந்திருக்கு. நாங்க அவங்களுக்கு ரொம்ப முன்னாடியே அங்க இருக்கறவங்க. கறுப்பு நாங்க, சிவப்பு எங்க மண்ணு, மஞ்சள் சூரியன். ரெண்டு கொடியும் பக்கத்துல பக்கத்துல தொங்கணும். வெள்ளிக்கிழமை கெளம்பறேன். அதுக்குள்ள எங்கம்மாவுக்கு போட்டோ அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன்."

அவர் இங்கிலீஷில் சொன்னார். இது எனக்கு எட்டிய அளவு தமிழ்.

மண் எனக்குப் புரிந்தது. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போடுகிற எங்கள் மல்லாட்டைக் கொல்லையும் அதே சிவப்புதான். அந்த நிறம் பார்த்தே துணி எடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மொட்டை வட்டம் போண்டா மாதிரி இருந்தது. பாவம், அவசரத்தில் கதிர் போட மறந்துட்டாங்க என்று நானே சுற்றிலும் மஞ்சள் முக்கோணங்கள் வைத்து அடித்தேன். அதற்குத் தனிக் கூலி கேட்கவில்லை. அவ்வளவு பெருந்தன்மை.

வெள்ளிக்கிழமை காலை கயிற்றைக் கட்டினோம். அந்த அம்மா வருவதற்குள் தேர்தல் பறக்கும் படை ஜீப் வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் எந்தக் கட்சி என்று பால்வாடிப் பிள்ளையும் சொல்லும். நடுவில் கதிரோடு சூரியனும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

"தேர்தல் நேரத்துல கட்சிக் கொடியா? பர்மிஷன் இருக்கா? எறக்குங்க" என்றார் அதிகாரி.

"டெய்லர்தான் சார்!" காபிக்கடைக்காரர் என்னைக் கைகாட்டினார். நட்பு அவ்வளவுதான்.

"இது ஆஸ்திரேலியா சார்" என்றேன்.

"ஓ, அங்கயும் நிக்கறாங்களா?"

அந்த நேரம் பார்த்து அந்த அம்மா பெட்டியோடு வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"சூரியனுக்கு ஏன் பல்லு மொளைச்சிருக்கு?"

விஷயம் தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. போனை எடுத்து, தன் அம்மா வீட்டு வாசலில் பறக்கிற கொடியின் படத்தைக் காட்டினார். மொட்டை வட்டம்.

அதிகாரி போனைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். "அதுல கதிர் இல்ல, இதுல இருக்கு. அப்ப இது அது இல்ல. எறக்குங்க."

நியாயம் அவர் பக்கம். தப்பு என் பக்கம். அந்த அம்மாவின் போன் நீட்டிய கையிலேயே இருந்தது.

"பத்து நிமிஷம் குடுங்க சார்" என்று பிளேடோடு ஸ்டூலில் ஏறினேன். என் தையலில் ஒரு வசதி, ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் கூடவே வந்துவிடும். இதுவரை அதை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. ஒவ்வொரு கதிராக உதிர்ந்தது. கீழே காபிக்கடைக்காரர் பொறுக்கிக்கொண்டே, "ண்ணா, ஜாஸ்தியா யோசிச்சிட்டீங்க" என்றார்.

அதிகாரி போனை வாங்கிக் கொடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "இப்ப சரியா இருக்கு. இருக்கட்டும். யோவ் டெய்லர், இனிமே குடுத்தத மட்டும் தைய்யா."

அந்த அம்மா இரண்டு கொடியும் தெரிகிற மாதிரி நின்று படமெடுத்து அனுப்பினார். கார் வருவதற்குள் பதில் வந்துவிட்டது. அவருடைய அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்: "கொடி நல்லா இருக்கு. சூரியனச் சுத்தி என்ன ஓட்டை ஓட்டையா?"

அந்த அம்மா என்னை ஒரு முறை பார்த்தார். அப்புறம் என்னைப் படமெடுத்து, பதிலாக அதை அனுப்பினார்.